பழைய டயரா, புது டயரா: ஒரு மில்லிமீட்டர் கணக்கு

மதுராந்தகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் லேசாக ஆட ஆரம்பித்தது. அறுபதுக்கு வந்தால் அடங்கியது, எண்பதைத் தொட்டால் மறுபடி ஆடியது. பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டார். வண்டியின் அடிப்பக்கம் பார்த்தபடி இருந்த டயர்ச் சுவரில், அதாவது டயரின் பக்கவாட்டில், பாதி கோழிமுட்டையை ஒட்டி வைத்ததுபோல ஒரு வீக்கம். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2214.

முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2014-இன் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். நான் அதைப் பழைய டயர் கடையில் வாங்கியது 2021 கடைசியில். விலை 1,600 ரூபாய். பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடு பள்ளம், ஏறக்குறைய முழுசாக இருந்ததால் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. யாரோ ஒருவரின் டிக்கியில் ஏழு வருஷம் ஸ்டெப்னியாகக் கிடந்திருக்க வேண்டும். ஓடாததால் தேயவில்லை, தேயாததால் புதுசு போல இருந்தது. இந்தத் தேதி எண் முழுசாக டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டிவிட்டால், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஒழிய கண்ணில் படாது. அதை விற்ற பழைய டயர் கடைக்காரர் தெரிந்தே அப்படி மாட்டினாரா, கைக்கு வந்தபடி மாட்டினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் கூடவே வந்தது: நான் உண்மையில் மிச்சம் பிடித்தேனா?

சென்னையில் பழைய டயர் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புதுப்பேட்டை. அங்கே போனால் டயர்களைச் சுவரோடு சுவராக அடுக்கி, எல்லாவற்றுக்கும் கறுப்பு பாலிஷ் அடித்து, மழையில் நனைந்த எருமைகள் மாதிரி பளபளவென்று வைத்திருப்பார்கள். பாலிஷுக்கு அடியில் இருப்பவை ஒரே ஜாதி அல்ல. புதுக் கார் வாங்கின கையோடு பெரிய அலாய் வீல் போடுகிறவர்கள் கழற்றிக் கொடுத்த டயர்கள் சில. முந்நூறு, நானூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. விபத்தில் சிக்கிக் காயலான் கடைக்கு வந்த வண்டியின் டயர்கள் சில. புதுசு வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் போனவை பெரும்பாலானவை. கடைசியாக, மொட்டையான டயரில் சூடான கத்தியால் பள்ளம் தோண்டிப் பட்டன் வரவழைத்தவை. லாரி டயர் சிலவற்றில் இப்படி வெட்டலாம் என்றே கம்பெனிக்காரர்கள் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்வார்கள், சுவரில் அதை எழுதியும் இருப்பார்கள். கார் டயரில் அந்தக் கூடுதல் ரப்பர் கிடையாது. கத்தி இறங்கும் இடத்துக்குக் கீழே இரும்புக் கம்பி வலைதான் இருக்கிறது.

இந்த நான்கும் ஒரே அடுக்கில், ஒரே பளபளப்போடு இருக்கும். பழைய டயர் வியாபாரத்தின் லாபமும் நம் நஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய டயர் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கு இந்தியாவின் பெரிய டயர் கம்பெனிகளில் ஒன்றான எம்.ஆர்.எஃப்., 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்தது. 1952-இல் அது ரப்பர் தொழிலில் பெரிதாகக் கால் வைத்தது புது டயர் செய்து அல்ல, தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பர் செய்து. தேய்ந்த டயருக்கு மறுபிறவி கொடுப்பது மரியாதையான தொழில்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இன்றும் நடக்கிறது, விமானத்துக்குக்கூட நடக்கிறது. அங்கெல்லாம் டயரின் உடம்பைப் பரிசோதித்து, இத்தனை தடவை என்று கணக்கு வைத்து ஒட்டுகிறார்கள். புதுப்பேட்டை அடுக்கில் அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது காசுக்கு வருவோம். டயரை நாம் 'ஒன்று' என்று எண்ணி வாங்குகிறோம், அதுதான் தப்பு. அரிசியை மூட்டை பார்த்து வாங்காமல் கிலோ பார்த்து வாங்குவதுபோல, டயரை மில்லிமீட்டரில் வாங்க வேண்டும்.

என் ஸ்விஃப்டின் அளவு 165/80 ஆர்14. இந்த அளவில் புது டயர் கடைக்கும் பிராண்டுக்கும் தக்கபடி நாலாயிரத்தைச் சுற்றி வருகிறது. புதுசில் பள்ளத்தின் ஆழம் 7.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆவது விதிப்படி காருக்கு 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது; இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. ஆக நாம் உண்மையில் வாங்குவது 7.5 மி.மீ. அல்ல, 5.9 தான். மாட்டுக்கூலி, பேலன்சிங், வால்வு என்று சக்கரத்துக்கு 250 ரூபாய் சேர்த்தால் 4,250. ஒரு மில்லிமீட்டருக்கு 720 ரூபாய்.

பழைய டயர் ஒன்றில் 4 மி.மீ. இருக்கிறது, விலை 1,600. பார்த்தால் பாதிக்கு மேல் பட்டன் இருக்கிறதே, பாதிக்கும் குறைந்த விலைதானே என்று தோன்றும். 1.6-ஐக் கழித்தால் கையில் நிற்பது 2.4 மி.மீ. மாட்டுக்கூலி பழைய டயருக்கும் அதே 250 தான். 1,850-ஐ 2.4-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 771 ரூபாய். பழைய டயர் விலை கூடிவிட்டது!

சட்டம் 1.6 என்று சொன்னாலும் மழைக்கு அது காணாது என்பது என் கட்சி. டயரின் பள்ளங்கள் அழகுக்கு இல்லை, ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் மேடிட்டால் தண்ணீர் டயருக்கும் தாருக்கும் நடுவில் நின்றுவிடும். அப்புறம் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் உங்கள் பேச்சைக் கேட்காது. வடகிழக்குப் பருவமழையில் ஈ.சி.ஆரில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 3 மி.மீ.யில் மாற்றுவது நல்லது என்று பலரும் சொல்வது இதனால்தான். டயர் கம்பெனியான மிஷ்லின் இதை ஒத்துக்கொள்வதில்லை. நல்ல டயர் என்றால் 1.6 வரை தாங்க வேண்டும், முன்னாடியே கழற்றுவது வீண் செலவு என்று அந்தக் கம்பெனி வாதாடுகிறது. டயர் விற்கிறவரே 'சீக்கிரம் மாற்றாதே' என்று சொல்வதை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அது, தேய்ந்த பிறகும் பிடிக்கிற மாதிரி செய்த டயருக்கான பேச்சு. யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்றே தெரியாத டயருக்கு நான் அந்தச் சலுகையைத் தர மாட்டேன். 3 மி.மீ.யைக் கோடாக வைத்தால் புது டயரில் 4.5 மி.மீ. கிடைக்கிறது, மில்லிமீட்டருக்கு 944 ரூபாய். அந்த 4 மி.மீ. பழைய டயரில் ஒரே ஒரு மில்லிமீட்டர், 1,850 ரூபாய்.

இதே கணக்கு மறுபக்கமும் திரும்பும். அலாய் போட்டவர் கழற்றிக் கொடுத்த டயர், 7 மி.மீ. இருக்கிறது, 2,500 ரூபாய் சொல்கிறார்கள் என்றால் கூலியோடு 2,750. சட்டக் கோடு வரை மில்லிமீட்டருக்கு 509 ரூபாய், மழைக் கோடு வரை 688. இரண்டிலும் புதுசைவிட மலிவு. தேதி எண்ணும் அதே ஆண்டைக் காட்டினால் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிடலாம்.

பழைய டயர் யாருக்கு லாபம் என்று கேட்டால், அதிகம் ஓட்டுகிறவருக்கு என்றுதான் முதலில் தோன்றும். கால் டாக்சி ஓட்டுகிறவர், மாசம் நாலாயிரம் கிலோமீட்டர், அடிக்கடி மாற்ற வேண்டும், அதனால் மலிவாக வாங்குகிறார். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. புது டயர் 40,000 கிலோமீட்டர் தரும் என்று கொண்டால் அவருக்குப் பத்து மாசம். நான்கு டயருக்கும் சேர்த்து 17,000 ரூபாய். 4 மி.மீ. பழைய டயர் 16,000 கிலோமீட்டர் தாண்டாது, நாலே மாசம். ஒரு செட்டுக்கு 7,400. அதே நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு இரண்டரை செட் வேண்டும்: 18,500. கூடவே ஒவ்வொரு தடவையும் கடை கடையாக அலைந்து தேடும் அரை நாள் சவாரி போச்சு. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பழசுக்குப் போவது, பதினேழாயிரம் ஒரே நாளில் கையில் இல்லாததால், ஏழாயிரம்தான் இருக்கிறது. அவருக்கு உண்மையான மாற்று பழைய டயர் அல்ல, இரண்டு இரண்டாகப் புதுசு வாங்குவது, அல்லது தவணையில் தரும் கடையைப் பிடிப்பது.

குறைவாக ஓட்டுகிறவர் கதை வேறு. வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் என்றால் புது டயர் தேய எட்டு வருஷம் ஆகும். அதற்குள் ரப்பருக்கு வயசாகிவிடும். மிச்சம் இருக்கும் பட்டனை அவர் அனுபவிக்கவே முடியாது, காசு கொடுத்து வாங்கித் தூக்கிப் போடுகிறார். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வயதுள்ள, 5 மி.மீ. இருக்கும் பழைய டயர் நான்கு வருஷம் ஓடி, தேய்மானமும் வயசும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடியும். ஆக, பழைய டயர் லாபம் தருவது வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பவருக்கு. அவரோ பெரும்பாலும் புதுசு வாங்கக் கூடியவராகவே இருக்கிறார்.

ரப்பருக்கு வயசு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தின்கின்றன. ரப்பர் இறுகி, நெகிழ்வு போய், சுவரில் மயிரிழை வெடிப்புகள் வரும். இதைத் தடுக்க டயரில் ஒருவித மெழுகு கலக்கிறார்கள். டயர் ஓடி, நசுங்கி விரிய விரிய அந்த மெழுகு மெல்லக் கசிந்து மேலே வந்து படலமாகப் படியும். சும்மா கிடக்கும் டயரில் அந்தக் கசிவு சரியாக நடப்பதில்லை. வெயிலும் சூடும் இந்த முதுமையை விரட்டிக்கொண்டு வரும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கார் கம்பெனிகள் பலவும் ஆறு வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன. மிஷ்லின், ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை காட்டு, பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்தாவது வருஷம் தாண்டாதே என்கிறது. டிக்கிக்குள் ஒருநாளும் உருளாமல் கிடந்த ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பழைய டயரைப் பார்க்கும்போது நான் இப்போது வெளிப்பக்கத்தில் அதிக நேரம் செலவிடுவதில்லை. பாலிஷ் எல்லாவற்றையும் மூடிவிடும். முதலில் ஈரத்துணியால் சுவரைத் துடைத்து, கட்டை விரலால் அழுத்தி வளைத்துப் பார்ப்பேன். வெடிப்பு இருந்தால் வாய் திறக்கும். பிறகு ஒன்று செய்வேன், இதைத்தான் விற்கிறவர்கள் ரசிப்பதில்லை: டயருக்குள் கையை விட்டு, உள்சுவரை ஒரு முழுச் சுற்று தடவுவேன். விரல் நுனியில் கறுப்புத் தூளும் அரிசி உடைசல் மாதிரி ரப்பர்ப் பொடியும் ஒட்டினால், அந்த டயர் காற்று இறங்கியது தெரியாமல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அரைபட்டு ஓடியிருக்கிறது. உள்ளே நூல் எலும்பு நொறுங்கியிருக்கும். வெளியே எத்தனை அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதே தடவலில் ஒட்டுகள் எத்தனை என்பதும் கைக்குத் தெரிந்துவிடும். பட்டன் பகுதியில் முறையாக உள்ளிருந்து போட்ட ஒட்டு ஒன்று இருந்தால் பரவாயில்லை. சுவரில் இருந்தால் பேச்சே இல்லை.

பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அதுதான் 1.6 மி.மீ. அடையாளம். பட்டன் அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. அடுக்கில் பார்க்கும் டயரில் பள்ளம் நிறைய இருந்தும் இந்த மேடு எங்குமே இல்லையென்றால், கத்தி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளம் தோண்டியவர் மேட்டையும் சேர்த்தே வெட்டியிருப்பார். பள்ளத்தின் அடியில் கம்பி மினுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அப்புறம் சும்மா ஒரு உறுதிக்குத்தான்.

சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 85T என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. அளவு சரியாக இருக்கிறதே என்று தாங்குதிறன் குறைந்ததைத் தலையில் கட்டிவிடுவது உண்டு. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளிலோ வண்டிப் புத்தகத்திலோ பார்த்து, அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்கென்று 1994-இல் ஒரு விதிமுறை போட்டார்கள். பழைய டயரை விற்கலாம், ஆனால் 2 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும், வெட்டோ வீக்கமோ இருக்கக் கூடாது, 'பாதி தேய்ந்தது' என்ற பொருளில் சுவரிலேயே அழியாத முத்திரை இருக்க வேண்டும். நம் ஊர் அடுக்குகளில் அப்படியொரு முத்திரையை நான் பார்த்ததில்லை. நான் போன கடைகளில் பில்லும் வாங்கியதில்லை. புது டயருக்குக் குறைந்தபட்சம் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், உற்பத்திக் குறைக்கு உத்தரவாதம் உண்டு.

வரி விஷயத்திலும் காற்று திசை மாறியிருக்கிறது. 2018 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய டயருக்கும், மறுபடி ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயருக்கும் வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியது. புது டயர் 28-இலேயே நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கும் 18 தான். வரியோடு 4,000 ரூபாய்க்கு விற்ற டயர், கடைக்காரர் குறைப்பை முழுசாகக் கொடுத்தால், 3,690-க்கு வர வேண்டும். பழைய டயர்க்காரரும் இறங்காவிட்டால் மேலே போட்ட கணக்கு அவருக்கு இன்னும் பாதகமாகும். கேட்டுப் பாருங்கள், இறங்க மாட்டார்.

இன்சூரன்ஸை நம்பியும் இருக்க வேண்டாம். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் ஒன்றும் கிடையாது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயர் விலையில் பாதி.

நான் கடைசியில் என்ன செய்தேன் என்றால், இரண்டு புது டயர் வாங்கினேன். கடைக்குள் நுழைந்ததும் முதலில் தேதி எண்ணைக் கேட்டேன், மூன்று மாசத்துக்குள் செய்தது கிடைத்தது. அந்த இரண்டையும் பின்சக்கரத்தில் மாட்டச் சொன்னபோது கடைப் பையன் சிரித்தான். "முன்னாடி தானே சார் தேயும்? எல்லாரும் முன்னாடிதான் போடுவாங்க." உண்மைதான், முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் தேய்மானம் முன்னால்தான். ஆனால் மழையில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், பிரேக்கை மெல்ல விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், அதை அடக்க ரேஸ் ஓட்டுகிறவனாக இருக்க வேண்டும். அதனால் பிடிப்பு அதிகமுள்ள ஜோடி எப்போதும் பின்னால். டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கு மட்டும் புதுப்பேட்டை போய், அலாய் போட்டவர் கழற்றின டயர் ஒன்றை, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, எடுத்துக்கொண்டேன்.

அந்த 2214-ஐ மதுராந்தகம் பஞ்சர் கடைக்காரரிடமே விட்டு வந்திருந்தேன். ஸ்டெப்னியை மாட்டி முடித்து, காசு வாங்கிக்கொண்ட பிறகு, அவர் உள்ளே போய் ஒரு கத்தியோடு வந்தார். டயரைக் காலால் மிதித்துக்கொண்டு, வீக்கத்துக்குப் பக்கத்தில் நுனியைச் சொருகி, சுவரில் ஒரு முழம் நீளத்துக்குக் கிழித்தார்.

"எதுக்குண்ணே?"

"சும்மா போட்டா எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருவான் சார். அடுத்த வாரம் பாலிஷ் அடிச்சு உங்களுக்கே வித்துருவான்."